கரியரில் ஏறியவர்

முதலில் கண்ணில் பட்டது சைக்கிளின் பின்சில்லுதான். முந்தின நாள் மாலை கல்லுப்போலக் காற்றடித்து வைத்த ரயர், காலையில் வேலைக்குப் போகவென்று அருட்செல்வம் நிலவறைக்கு இறங்கி வந்து பார்த்தபோது, நிலத்தைத் தொடுகிற இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குச் சப்பளிந்து நின்றது. காற்றுப் போயிருந்தால் அவன் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டான். பம்பை எடுத்து நாலு அடி அடித்துவிட்டுப் போயிருப்பான். குந்தியிருந்து பெருவிரலால் அமத்திப் பார்த்தான். கல்லு. துளி காற்றும் போகவில்லை. காற்று நிறைந்த ரயர் ஒன்று நின்ற நிலையில் அப்படி அமுங்குவதற்கு உலகத்தில் ஒரே காரணம்தான் உண்டு. மேலே ஆள் இருக்க வேண்டும்.

இருக்கைக்குப் பின்னாலிருந்த கரியரில் ஒருவரும் இல்லை.

ஒஸ்லோவின் புருசெத்தில் அவனும் குடும்பமும் இருந்த மாடிப் புளொக்கின் நிலவறைக்கு எப்போதும் ஒரே வாசனைதான்: பனிச்சறுக்குக் கட்டைகளின் மெழுகு, சலவை அறையிலிருந்து வருகிற சவர்க்கார வெக்கை, எந்தப் புண்ணியவானோ போன குளிர்காலத்தில் வைத்துவிட்டு மறந்துபோன உருளைக்கிழங்கு மூட்டை. அன்றைக்கு அவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று கிடந்தது. ஆற்றுச் சேறும், அழுகின இலையும், நனைந்த கம்பளியும் சேர்ந்த வாசனை. அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கும்போதே, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை தானாக அணைகிற அந்தச் சனியன் பிடித்த விளக்கு அணைந்தது. இருட்டில் கரியர்க் கம்பி மெல்லக் கிரீச்சிட்டது. நெடுநேரம் இருந்த ஒருவர் இடுப்பைக் கொஞ்சம் நகர்த்தி வசதிப்படுத்திக்கொண்டால் வருகிற சத்தம்.

தட்டுத் தடவி விளக்கைப் போட்டான். சைக்கிள் நின்றது. வேறொன்றும் இல்லை. "நாப்பத்தாறு வயசிலை உனக்கு விசரடா" என்று தன்னையே பேசிக்கொண்டு வெளியே உருட்டினான். சாய்வில் ஏற்றும்போது மூச்சுப் பிடித்துத் தள்ள வேண்டியிருந்தது.

அருட்செல்வம் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவன். பதினேழு வருடமாக முன்னால் ஒரு வாகனம், பின்னால் ஒரு வாகனம், பக்கத்தில் கண்ணாடியை உரசுகிற ஒரு வாகனம். இப்படிச் சீவிக்கிற மனுசனிடம் போய், கூட வேலை செய்கிற ஊலா என்கிற நோர்வேக்காரன், பிரான்சில் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியே சைக்கிள் பாதைகள் இருக்கின்றன, நாட்கணக்காக ஓடினாலும் ஒரு காரைக் காண மாட்டாய் என்று சொன்னால் அவன் மயங்காமல் என்ன செய்வான்? அந்த 2007ஆம் ஆண்டு ஆகஸ்டில் இரண்டு பேரும் தங்கள் சைக்கிள்களையும் பிளேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். மனைவி இந்திராதான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஊரிலை கார் இல்லாமல் சைக்கிள் ஓடினியள். இஞ்சை காரை வாங்கி வைச்சிட்டு, பிளேன் ஏறிப்போய்ச் சைக்கிள் ஓடப்போறியள். நல்ல முன்னேற்றம்தான்."

அவள் சிரித்தால் சிரிக்கட்டும். அந்த ஐந்து நாளையும் அவன் ஆயுளுக்கும் மறக்க மாட்டான். ஒருகாலத்தில் குதிரைகள் கரையிலே நடந்து படகுகளை இழுத்துப்போன வழி அது. இப்போது படகும் இல்லை, குதிரையும் இல்லை. நெட்டையான மரங்களின் நிழல் விழுந்த மண் பாதையும், பக்கத்திலேயே சத்தம் காட்டாமல் கூட வருகிற பச்சைத் தண்ணீரும், மணித்தியாலத்துக்கு ஒன்றாய் ஒரு பழைய மதகும், அதைக் காக்கிற ஆளின் சின்ன வீடும் மட்டும். சில்லுக்கடியில் சரளை நொறுங்குகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கேட்காமல் ஒரு முழுக் காலையும் போய்விடும். கொம்பு ஒலி இல்லை, சிக்னல் இல்லை, சில்லறை கேட்கிற கிழவர்கள் இல்லை. அவனுக்கு அழுகை வரப் பார்த்தது.

நான்காம் நாள் ஊலாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. அவன் சின்ன ரயிலில் முன்னால் போய்விட, கடைசி நாளின் இருபது கிலோமீற்றரையும் அருட்செல்வம் தனியே ஓடினான். பின்னேரம். மழை பெய்து விட்டிருந்தது. ஆற்றிலிருந்து பனிப்புகார் எழும்பிப் பாதையின் இரண்டு பக்கத்தையும் மூடியது. பூட்டிக் கிடந்த ஒரு மதகு வீட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பான், பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. யாரோ நடந்து வருகிறார்கள். நனைந்த சப்பாத்துக்குள் தண்ணீர் சளக்குச் சளக்கென்கிற நடை. களைத்த நடை.

இங்கேதான் அவன் செய்த பிழை. வேறு எந்த நாட்டுக்காரனும் அதைச் செய்திருக்க மாட்டான். யாழ்ப்பாணத்தில் சைக்கிளோடு வளர்ந்தவனுக்கு, கரியர் வெறுமையாக இருக்க, போகிற பக்கமே ஒருவர் நடந்து வர, தான் மட்டும் ஓடிக்கொண்டு போவது மனம் கேளாது. வேகத்தைக் குறைத்து, பாதி முகத்தைத் தோளுக்கு மேலே திருப்பி "ஏறுங்கோ" என்று ஒரு சொல். அவர் இரண்டெட்டு ஓடிவந்து துள்ளி ஏறுவார். ஹான்டில் ஒருதரம் ஆடும். சரி, ஆள் ஏறியாயிற்று. ஏறினதையும் இறங்கினதையும் கரியரே சொல்லும். திரும்பிப் பார்க்கிறவன் பழகாதவன். பிரான்சின் நடுவிலே, புகாருக்குள்ளே, மூளை யோசிக்க முந்தி அவனுடைய வாய் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டது.

"ஏறுங்கோ."

விரைவாக இரண்டு ஈரக் காலடி. ஹான்டில் ஆடியது. கரியர் பதிந்தது.

பத்து யார் மிதித்த பிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்ற நினைவு வந்தது. தமிழிலே சொன்னது எந்தப் பிரெஞ்சுக்காரனுக்கு விளங்கியது? நின்று திரும்பினான். பக்கப் பைகள் இரண்டும், அவற்றுக்கு மேலே கட்டியிருந்த மழையங்கியும்தான் இருந்தன. பாதையில் ஒரு குருவியும் இல்லை. தன் பயித்தியக்காரத்தனத்தை நினைத்து வாய்விட்டுச் சிரித்துவிட்டு மிதித்தான். ரயில் நிலையம் போய்ச் சேர இரண்டு மணித்தியாலம் பிடித்தது. தொடை இரண்டும் நெருப்பாய் எரிந்தன.

ஒஸ்லோவுக்கு வந்தபிறகும் சைக்கிள் பாரமாகவே இருந்தது. செப்டெம்பர் முழுக்க அவன் வயதைக் குறை சொன்னான். எண்ணெய் விட்டான், செயினை மாற்றினான், சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனான். கடைக்காரன் சில்லைத் தூக்கிச் சுழற்றிக் காட்டி, புதுச் சைக்கிள்போல இருக்கிறது, உனக்கென்ன வருத்தம் என்று கேட்டான். என்ன வருத்தம் என்று சொல்வது? ஒக்ரோபரில் ஒருநாள் பின்சில்லு சப்பளிந்தது.

அதற்குப் பிறகு அவனால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. பஸ்காரனுக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று தெரியாமல் ஓட முடியாது. பஸ்ஸில் ஐந்து கண்ணாடி இருக்கும். சின்னதாய் வட்டமாய் ஒரு கண்ணாடி வாங்கி ஹான்டிலில் பூட்டினான். மறுநாள் காலை வானம் துடைத்து வைத்ததுபோலக் கிடந்தது. குளிர் காய்ந்த குளிர். ஒரு முகில் இல்லை. கண்ணாடியில் பாதையும் வேலியும் பின்னால் ஓடுவதைப் பார்த்தபடி ஏற்றத்தில் மிதித்துக்கொண்டிருந்தபோது, கண்ணாடி மங்கியது. பெருவிரலால் துடைத்தான். தெளிந்தது. மறுபடி மங்கியது. நடுவிலிருந்து வட்டமாகப் பரவி, பிறகு விளிம்பிலிருந்து சுருங்கி, ஒன்றுமில்லாமல் போய், திரும்பவும் நடுவிலிருந்து. அவன் தன் மூச்சை அடக்கினான். மங்கல் நிற்கவில்லை. அது அவனுடைய மூச்சில்லை. அவன் நாலு மூச்சு விடுகிற நேரத்துக்கு ஒன்று. ஆறுதலாக. அவசரமே இல்லாமல். அவனுடைய வலது தோளுக்குப் பக்கத்திலிருந்து.

கண்ணாடியைக் கழற்றிக் குப்பையில் போட்டான். இந்திராவிடம் சொல்லலாமா என்று வாயெடுத்தான். அவள் முதியோர் இல்லத்தில் இரட்டை வேலை செய்துவிட்டு வந்து காலை நீட்டிக்கொண்டிருந்தாள். "என்னப்பா, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்று அவளே கேட்டாள். "ஒண்டுமில்லை, பச்சைத்தண்ணியிலை முகம் கழுவினனான்" என்று சமாளித்தான். சொன்னால் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் அது இன்னும் பொல்லாதது.

அவனுடைய பயம் இதுவரை அவனுக்குள்ளேதான் இருந்தது. அதை வெளியே இழுத்துப் போட்டவள் மகள் சோபிகா. ஒன்பது வயது, ஒரு வசனத்துக்குள் மூன்று நோர்வேஜியச் சொல்லைப் போடாமல் தமிழ் வராது, தகப்பனுடைய பிரான்ஸ் படங்களை நூறு தரம் பார்த்துவிட்டு, வருகிற கோடையில் தன்னையும் அந்த ஆற்றுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று காலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு மாலை அவன் சலவை அறையில் உடுப்புகளை இயந்திரத்துக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். கூட வந்தவளின் சத்தத்தைக் காணவில்லை. பிறகு சைக்கிள் அறையிலிருந்து குரல் வந்தது.

"நை, அப்பா. இஞ்சை இடமில்லை."

நோர்வேஜியனில் 'இல்லை' என்பதைத்தான் அவள் எதற்கும் முதலில் சொல்லுவாள். அவன் ஓடினான். அவள் கரியரின் கடைசி நுனியில், ஒரு தொடை மட்டும் பதிய, விழுகிறாற்போல ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு முழக் கரியர் வெறுமையாகக் கிடந்தது.

"தள்ளி இருக்கப் பாத்தன், ஏலாமல் கிடக்கு," என்றாள். "ஈரமாயும் இருக்கு."

அவளை அப்படியே வாரித் தூக்கினான். அவளுடைய பாவாடையின் ஒரு பக்கம் தொப்பமாக நனைந்திருந்தது. கையை மணந்து பார்த்தான். ஆற்றுச் சேறு.

தன்னை எதுவும் செய்துவிட்டுப் போகட்டும். தான்தானே வாயைக் கொடுத்தவன். பிள்ளை என்ன செய்தாள்? இனிச் சைக்கிளுக்குக் கிட்டப் போகக் கூடாது என்று சோபிகாவைக் கத்திப் பேசினான். அவள் உதட்டைப் பிதுக்கி அழுதாள். சைக்கிளைக் கொண்டுபோய் எங்காவது எறிந்துவிடலாம். எறிந்தால் கரியரில் இருக்கிறவர் எங்கே போய் இருப்பார்? இப்போது எங்கே இருக்கிறார் என்றாவது தெரிகிறது. அந்த யோசனை வந்தபிறகு அவனால் நித்திரை கொள்ளவும் முடியவில்லை. சோபிகாவின் அறைக் கதவைத் திறந்து பார்ப்பதும், மூடுவதும், திறப்பதுமாக விடிந்தது.

கடைசியில் பாரிசில் இருக்கிற தமக்கை நேசமணிக்குத்தான் தொலைபேசி எடுத்தான். அவளுக்குச் சொன்னால் முழு உலகத்துக்கும் சொன்ன மாதிரி. ஆனால் அவளைப்போலப் பயமில்லாத மனுசியும் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் பெருஞ்சிரிப்புச் சிரித்தாள்.

"டேய் செல்வம், ஆர் எண்டு பாராமலோ ஏறச் சொன்னனி?"

"பழக்கதோசம் அக்கா."

"எங்கை இறங்கிறியள் எண்டு கேட்டனியோ?"

அவன் கேட்கவில்லை. ஏற்றின பத்து யாருக்குள் எவரும் கேட்கிற கேள்வி அது.

நேசமணியின் சிரிப்பு நின்றுவிட்டது. "கேளாமல் ஏத்திக்கொண்டு வந்தால் அந்த ஆள் இருந்துகொண்டுதானே வரும். ஆத்தங்கரையிலை ஏத்தினதை ஆத்தங்கரையிலை கொண்டுபோய் இறக்கு. பேசிக்கீசிப் போடாதை, மரியாதையாச் சொல்லு. பிள்ளையைக் கிட்டவும் கொண்டுபோகாதை."

ஒஸ்லோவிலும் ஆறு இருக்கிறது. அவர்களுடைய பள்ளத்தாக்கின் அடியிலேயே அல்னா ஓடுகிறது. அதன் கரையிலும் கார் வராத பாதை உண்டு. நவம்பர் முதல் சனிக்கிழமை மதிய வேலையை முடித்துவிட்டு, இந்திரா முதியோர் இல்லத்திலும் சோபிகா தமிழ்ப் பள்ளிக்கூடத்திலும் இருக்கிற நேரமாகப் பார்த்து அவன் புறப்பட்டான். பாதி வழியில் இந்திரா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ, ரீச்சருக்குக் காய்ச்சலாம், வகுப்பை நேரத்தோடை விடுகினமாம். பிள்ளையைப் போய்க் கூட்டிக்கொண்டு போங்கோ. எனக்கு ஒன்பது மணி மட்டும் வேலை."

விதியைப் பாருங்கள். அவன் பள்ளிக்கூடத்துக்குப் போனான். பிள்ளையை ஒரு பக்கத்தில் நடத்தி, சைக்கிளை மறுபக்கத்தில் உருட்டி, இரண்டுக்கும் நடுவில் தான் நடந்து ஆற்றுப் பாதையால் வீட்டை நோக்கி வந்தான். இன்றைக்கு விட்டால் இன்னொரு இரவு அதைத் தன் பிள்ளை படுக்கிற கட்டிடத்துக்குள் கொண்டுபோக வேண்டும். அது ஏலாது. ஏலவே ஏலாது. நாலு மணிக்கே வெளிச்சம் மங்கி, ஆற்றிலிருந்து புகார் எழும்பத் தொடங்கியது.

மரப்பாலத்தில் இரண்டு விளக்குக் கம்பங்கள், கரைக்கொன்று. வீட்டுப் பக்கத்துக் கம்பத்தின் கீழே சோபிகாவை நிறுத்தினான்.

"அசையக் கூடாது. போன் கையிலை இருக்கட்டும். அப்பா ஒரு பத்து நிமிசத்திலை வந்திடுவன். வந்தவுடனை ஏறு எண்டு சொல்லுவன், நீ ஓடிவந்து ஏற வேணும்."

"கரியரிலையோ? மெய்யாவோ?"

"ஓம், மெய்யா. இண்டையிலையிருந்து கரியர் உனக்குத்தான்."

அவள் துள்ளினாள். அவன் பாலத்தைத் திரும்பக் கடந்து, புகாருக்குள் முந்நூறு மீற்றர் போய், தட்டையான கற்கள் தண்ணீருக்குள் இறங்குகிற இடத்தில் ஒரு காலை ஊன்றி நின்றான்.

தண்ணீர் கற்களுக்கிடையில் முணுமுணுத்துக்கொண்டு போனது. எங்கேயோ மேலே பெருந்தெருவின் இரைச்சல் பஞ்சுக்குள் பொதிந்து கேட்டது. ஈர இலைகளின் நாற்றமும், அதற்குள்ளே அந்த நனைந்த கம்பளி நாற்றமும் எது எங்கிருந்து வருகிறதென்று பிரிக்க முடியாமல் அவனுடைய தொண்டை வரைக்கும் வந்து நின்றன. அவன் திரும்பவில்லை.

"கொண்டுவந்து விட்டிட்டன்," என்றான். "கேளாமல் இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தது என்ரை பிழை. குறை நினையாதேங்கோ. இதிலை இறங்குங்கோ."

ஒன்றுமில்லை.

தண்ணீர்.

கரியர் கிரீச்சிட்டது. கம்பிகள் ஒவ்வொன்றாய் நிமிர்ந்தன. அவன் இருக்கையோடு சேர்ந்து ஒரு அங்குலம் மேலே எழும்பினான். கல்லில் ஒரு ஈரக் காலடி. இன்னொன்று. பிறகு ஒன்றுமே இல்லை.

சைக்கிளை மிதித்தான். அது காற்றாய்ப் பறந்தது! பிரான்சில் முதல் நாள் பறந்த அதே சைக்கிள். அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன. மூக்கால் வடிந்ததைத் துடைக்கவும் இல்லை. அக்காவுக்கு ஒரு சேலை வாங்கி அனுப்ப வேண்டும். பிள்ளையைப் பேசின பேச்சுக்கு இன்றைக்குக் கொத்துரொட்டி. புகாருக்குள் மஞ்சளாய் முதல் விளக்கு தெரிந்தது. அடியில் சின்னதாய் ஒரு உருவம். வேகத்தைக் கொஞ்சம் தணித்தான்.

"ஏறு பிள்ளை!"

விரைவாக இரண்டெட்டு. ஹான்டில் ஆடியது. கரியர் பதிந்தது, கொஞ்சமாய், ஒரு பிள்ளையின் பாரம். இரண்டு கைகள் அவனுடைய இடுப்பைச் சுற்றி வந்து வயிற்றில் கோத்துக்கொண்டன. அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

பாலத்தின் பலகைகள் தடதடவென்று சில்லுக்கடியில் ஓடின. "அப்பா!" என்று அவள் உரக்கக் கூப்பிட்டாள்.

"சொல்லு பிள்ளை!" என்றான், திரும்பாமல். பாலத்துக்கு அங்கால் இறக்கம். இரண்டு விளக்கும் பின்னால் போய்விட்டன. "பயமோ? இறுக்கிப் பிடி. கெட்டிக்காரி."

கைகள் இறுகின. மேலங்கியைத் தாண்டிக் குளிர் ஏறியது.

"கையுறை போடச் சொன்னனான் எல்லோ? வருகிற கோடைக்கு ரெண்டு பேரும் பிரான்சுக்குப் போவம். உனக்குப் புதுச் சைக்கிள். என்ன?"

"ஓம் அப்பா."

"ஐஞ்சு நாளும் ஆத்தங்கரையாலை. சரியோ?"

"ஓம் அப்பா."

நை இல்லை, ஒரு நோர்வேஜியச் சொல்லும் இல்லை. தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினது வீண்போகவில்லை என்று அவன் புளுகமும் பெருமையுமாய் நினைத்துக்கொண்டான்.

புளொக்கின் முன்னால் அவன் நிறுத்துவதற்கு முந்தியே அவள் குதித்துவிட்டாள். கரியர் நிமிர்ந்தது. அவனைத் தாண்டிக்கொண்டு காலடிகள் வாசலுக்கு ஓடின. பாரமான கதவு திறந்து மூடியது. அவன் குனிந்து சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தான். இனி நிலவறை வேண்டாம், வெளியிலேயே நிற்கட்டும். பசித்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

கைத்தொலைபேசி அடித்தது. சோபிகா என்று காட்டியது. மேலே போய் நின்றுகொண்டு விளையாடுகிறாள்.

"என்ன, கதவுத் திறப்பில்லையோ?" என்றான் சிரித்துக்கொண்டு.

தொலைபேசிக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அதற்குள் விக்கல். அழுகை.

"அப்பா, நான் இன்னும் பாலத்தடியிலைதான். நீங்கள் நிக்காமல் போயிட்டியள். கத்திக் கூப்பிட்டனான், சொல்லு பிள்ளை எண்டு சொல்லிப்போட்டு அப்பிடியே போயிட்டியள்."

அவன் குனிந்தபடியே வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்பா? ஆர் அது? உங்கடை முதுகிலை முகத்தை வைச்சுக்கொண்டு போனது?"

அவன் நிமிர்ந்தான். இரண்டாம் மாடி. அவளுடைய அறை. விளக்கு எரிந்தது.

சன்னல் திரைச்சேலை விலகியது. உயரம். கூரையில் தலை இடிக்காமல் கழுத்தைச் சரித்துக்கொண்டு நின்ற உயரம். சோபிகாவின் தலையணையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தது. கோத்த விரல்கள். கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. உள்பக்கத்தில்.

"அப்பா, எனக்குக் குளிருது," என்றாள் சோபிகா அவனுடைய காதுக்குள். "பக்கம்தானே. நானே நடந்து வீட்டை வரட்டோ?"

சன்னலில் நின்றது, ஓம் என்று மெல்லத் தலையை ஆட்டியது.